பங்கிட முடியாத பொழுது: கொற்கை முத்துப்படகிலிருந்து மீத்திறன் கணினி வரை

கொற்கை என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவது முத்து. சங்கப் பாடல்களில் பழகியவர்களுக்கு அகநானூறும் மதுரைக்காஞ்சியும் நினைவுக்கு வரும். அண்மைக்கால வாசகர்களுக்கு 2009இல் வெளிவந்த ஜோ டி குருஸின் நாவல். பெரிப்ளூசின் பெயர் தெரியாத கிரேக்க ஆசிரியர் 'கொல்கோய்' என்று குறித்ததும், குற்றவாளிகளைக் கொண்டு அங்கே முத்துக்குளிக்கிறார்கள் என்று எழுதிவைத்ததும் வரலாற்று ஆர்வலர்கள் அறிந்தவையே. இன்றைய கொற்கை ஏரலுக்கு அருகில் வயல் சூழ்ந்த ஒரு சிற்றூர். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் சில கிலோமீட்டர் தொலைவுக்கு விலகிப் போய்விட்டது. துறைமுகம் என்ற சொல்லை அவ்வூரில் நின்றுகொண்டு உச்சரிப்பதற்கே கொஞ்சம் கற்பனை வேண்டியிருக்கிறது.

அந்தக் கற்பனைக்குத் தேவையே இல்லாமல் போன நாட்களும் உண்டு. 2023 டிசம்பர் 17ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய மழை அப்பகுதி முழுவதையும் நீர்ப்பரப்பாக்கியது. மறுநாள் காலை எட்டரை மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 சென்டிமீட்டர். ஓர் ஆண்டு முழுவதும் தூத்துக்குடி மாவட்டம் சராசரியாகப் பெறும் மழையைவிட இது அதிகம். திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் வெளியுலகிலிருந்து துண்டிக்கப்பட்டன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கி நின்றது.

அதன்பின் எழுந்த வாக்குவாதத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். எச்சரிக்கை தரப்பட்டது என்றது வானிலைத் துறை. இவ்வளவு பெய்யும் என்று சொல்லப்படவில்லை என்றது மாநில அரசு. இரண்டும் உண்மையே. வானிலைத் துறையின் அளவுகோலில் 'அதி கனமழை' என்னும் உச்சப் பிரிவு ஏறத்தாழ 20.5 சென்டிமீட்டரில் தொடங்கி மேல்வரம்பின்றி நீள்கிறது. அதற்குமேல் ஒரு பிரிவு கிடையாது. காயல்பட்டினத்தில் பெய்தது அந்தத் தொடக்க எல்லையைப்போல நான்கரை மடங்குக்கும் மேல்.

லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்கிடும் கருக்களைக் கொண்ட மீத்திறன் கணினி அப்போது புனேயில் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை கைகள் இருந்தும் ஏன் அந்த எண்ணைச் சொல்ல இயலவில்லை? யாரையும் குற்றம் சாட்டும் கேள்வியாக இதை நாம் எழுப்பவில்லை. இதற்குள் நூறாண்டு வரலாறு ஒன்று இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளக் கொற்கைக் கடலின் பழைய தொழிலே நமக்கு வழிகாட்டும் என்பதுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பத்துப் பேர், ஐந்து கல்

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பைப் பற்றி 18, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர்கள் நிறைய எழுதிவைத்திருக்கிறார்கள். அவற்றிலிருந்து நமக்குக் கிடைக்கும் சித்திரம் ஏறத்தாழ இதுதான். நள்ளிரவை ஒட்டித் தரைக்காற்று எழும்போது படகுகள் கூட்டமாகப் புறப்படும். விடியும் வேளையில் 'பார்' என்று அழைக்கப்படும் சிப்பிப்படுகையை அடையும். நண்பகல் வரை குளிப்பு. பிறகு கடற்காற்றைப் பிடித்துக் கரைதிரும்பல். ஒரு படகில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இருப்பார்கள். அவர்களில் பத்துப் பேர் குளியாளிகள். படகில் கனமான கற்கள் ஐந்து இருக்கும். ஐவர் கல்லின் பாரத்தால் கீழிறங்கிக் கைக்கெட்டிய சிப்பிகளை வலைப்பையில் திணிப்பார்கள். கயிறு அசைந்ததும் மேலிருப்பவர்கள் இழுப்பார்கள். அவர்கள் மூச்சு வாங்கும் நேரத்தில் மற்ற ஐவர் இறங்குவார்கள்.

கரைக்கு வந்தபின் வேறொரு வேலை தொடங்கும். இலங்கைக் கரையில் 'கொட்டு' எனப்பட்ட வேலிசூழ்ந்த முற்றத்தில் சிப்பிகள் குவிக்கப்பட்டு, மூன்று பங்காக்கப்பட்டு, இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளித்தவர்களுக்கும் போகும். எண்ணி முடியும்வரை யாரும் வீட்டுக்குப் போக இயலாது.

இத்தொழிலை ஒரு கணக்கனின் கண்ணோடு பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக எண்களை நாமே வைத்துக்கொள்வோம். ஒரு பாருக்குப் போய்வர நான்கு மணி நேரம். அந்தப் பாரைத் துழாவி முடிக்க ஒற்றை ஆளுக்கு நாற்பது மணி நேரம். ஆக, ஒருவர் மட்டும் போனால் 44 மணி. பத்துப் பேர் போனால் குளிப்பு நான்கு மணியில் முடிந்துவிடும். மொத்தம் எட்டு மணி. நாற்பது பேர் போனால் ஐந்து மணி. நானூறு பேர் போனால்? நான்கு மணி ஆறு நிமிடம். ஆட்களைப் பத்து மடங்காக்கியும் மிச்சமானது 54 நிமிடம்தான். நாலாயிரம் பேரைத் திரட்டினாலும் நான்கு மணிக்குக் கீழே இறங்கவே முடியாது. ஏனெனில் கடலைக் கடக்கும் நேரத்தை ஆட்களுக்குள் பங்குபோட முடியாது. நானூறு பேரில் ஒவ்வொருவரும் கடலில் நானூற்றில் ஒரு பங்கைக் கடப்பது என்று ஒன்று இல்லை.

1967இல் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ஜீன் அம்டால் கணினிகளைப் பற்றிச் சொன்னது இதையேதான். ஒரு நிரலில் பங்கிட முடியாத பகுதி எவ்வளவோ, அதுவே மொத்த வேகத்துக்கும் உச்சவரம்பு. நூற்றில் ஐந்து பங்கு அப்படிப்பட்டதாக இருந்தால், எத்தனை லட்சம் செயலிகளைக் கொண்டுவந்து குவித்தாலும் இருபது மடங்குக்குமேல் வேகம் கூடாது. 'அம்டால் விதி' என்று கணினித் துறையில் இன்றும் அச்சத்தோடு உச்சரிக்கப்படும் விதி இது.

இதற்கு ஒரு மறுமொழி வர இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் 1024 செயலிகள் கொண்ட இயந்திரத்தை இயக்கிய ஜான் கஸ்டஃப்சன், 1988இல் கேள்வியையே மாற்றிக் கேட்டார். நானூறு பேர் கிடைத்துவிட்டால் யார் அதே சிறிய பாருக்குப் போவார்கள்? பத்து மடங்கு பெரிய பாருக்கல்லவா போவார்கள்! நம் கணக்கில் அதைப் போட்டுப் பார்ப்போம். பத்து மடங்கு பாருக்கு ஒற்றை ஆளுக்கு 404 மணி. நானூறு பேருக்கு ஐந்தே மணி. வேகம் எண்பது மடங்கு. சிறிய பாரிலோ அதே நானூறு பேரால் பதினொரு மடங்கைக்கூட எட்ட முடியவில்லை. ஆக, வேலையைப் பெரிதாக்கினால் கைகள் வீணாகா. இன்றைய மீத்திறன் கணினிகள் யாவும் இந்த நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டவை.

வானிலைக் கணிப்பு இந்த இரண்டு விதிகளில் எதற்குக் கட்டுப்படும்? அதைப் பார்க்கும் முன், அக்கணிப்பை முதன்முதலில் பல கைகளுக்குப் பங்கிட்ட மனிதரைச் சந்தித்துவிடுவோம்.

அறுபத்து நாலாயிரம் பேர் அமர்ந்த அரங்கம்

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் குவேக்கர் நெறியைச் சேர்ந்தவர். ஆயுதம் ஏந்த மறுத்தவர். முதல் உலகப்போரில் பிரான்சு நாட்டில் காயம்பட்டோரை ஏற்றிச்செல்லும் வாகனப் பிரிவில் பணியாற்றினார். அந்நாட்களில் கையாலேயே ஒரு வானிலைக் கணிப்பைக் கணக்கிட்டார். எடுத்துக்கொண்ட நாள் 1910 மே 20. கணித்தது ஆறு மணி நேர மாற்றத்தை மட்டும். அதற்குப் பிடித்தது ஏறத்தாழ ஆறு வாரம். காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் உயரும் என்று வந்தது விடை. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை. போரின் குழப்பத்தில் 1917இல் கையெழுத்துப்படி தொலைந்துபோய், சில மாதங்கள் கழித்துப் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் அகப்பட்டது. 1922இல் அதை நூலாக வெளியிட்டபோது தம் தவறான விடையையும் மறைக்காமல் அச்சிட்டார் என்பது அவர்மேல் நமக்குள்ள மதிப்பைக் கூட்டுகிறது.

அந்நூலில் ஒரு கற்பனை வருகிறது. உருண்டையான பெரிய அரங்கம். சுவர் முழுதும் உலக வரைபடம். அதன் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் அப்பகுதியின் வானிலையைக் கணக்கிடும் மனிதர்கள். மொத்தம் 64,000 பேர். ஒவ்வொருவரின் விடையும் சிறிய ஒளிப்பலகையில் தெரியும். பக்கத்துப் பகுதிக்காரர் அதைப் பார்த்துத் தம் கணக்கில் சேர்த்துக்கொள்வார். காற்று எல்லைக்கோட்டில் நிற்பதில்லை அல்லவா? மதுரையின் அடுத்த மணி நேரத்தைக் கணக்கிடத் தூத்துக்குடியின் இந்த மணி நேரம் தெரிந்தாக வேண்டும். நடுவில் உயர்ந்த மேடையில் ஒருவர் நிற்பார், இசைக்குழுவை நடத்துபவரைப் போல. முந்திக்கொண்டு ஓடும் பகுதியின்மேல் அவர் ஒரு நிற ஒளியைப் பாய்ச்சுவார். பின்தங்கும் பகுதியின்மேல் வேறு நிற ஒளி.

பல செயலிகளில் ஓடும் அறிவியல் நிரல் எதிர்கொள்ளும் சிக்கல்களில் முதன்மையானவை இந்தக் கற்பனையிலேயே இருக்கின்றன. பரப்பைப் பங்கிடுவது, எல்லையோர எண்களை அண்டை வீட்டாருடன் பரிமாறிக்கொள்வது, பின்தங்குபவருக்காக எல்லோரும் காத்திருப்பது ஆகிய மூன்றுமே அவை. மழை பெய்யும் கட்டத்துக்கு, வெறும் வெயில் காயும் கட்டத்தைவிட அதிகக் கணக்கு வேண்டும். ஆகவே எங்கோ ஒரு மூலையில் மேகம் திரண்டால் உலகின் மற்ற எல்லாக் கட்டங்களும் கைகட்டிக் காத்திருக்கும். ரிச்சர்ட்சனின் வண்ண ஒளிக்கு இன்றைய நிரலாளர்கள் 'சுமைச் சமன்பாடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேலை அதேதான்.

1950இல் சார்னியும் ஃபியோர்டாஃப்டும் ஃபான் நாய்மனும் எனியாக் கணினியில் முதல் மின்னணுக் கணிப்பைச் செய்துகாட்டினர். 24 மணி நேரக் கணிப்புக்குப் பிடித்தது ஏறத்தாழ 24 மணி நேரம். வானிலையோடு கணக்கு சமமாக ஓடியது, முந்தவில்லை. முந்தாத கணிப்பால் யாருக்கு என்ன பயன்? கணக்கின் வேகம் இத்துறையில் உயிர்ப்பிரச்சினை என்பதை அந்த ஒரு நிகழ்வே நமக்குச் சொல்லிவிடுகிறது.

கேட்டது கிடைக்காத தேசம்

இந்தியாவுக்கு வருவோம். பருவமழையை நம்பி வாழும் நாட்டுக்கு மீத்திறன் கணினி தேவை என்ற எண்ணம் 1980களில் வலுப்பெற்றது. நடுத்தர கால வானிலைக் கணிப்புக்கான தேசிய மையம் 1988இல் அமைந்தது. அமெரிக்காவின் க்ரே நிறுவன இயந்திரத்தைக் கேட்டபோது, அணு ஆய்வுக்கும் ஏவுகணைக்கும் பயன்பட்டுவிடுமோ என்ற ஐயம் குறுக்கே நின்றது. நீண்ட பேச்சுகளுக்குப் பிறகு, வானிலைக்கு மட்டுமே என்ற கட்டுப்பாட்டுடன், ஒரே செயலி கொண்ட க்ரே எக்ஸ்-எம்பி/14 இயந்திரம் 1989இல் டெல்லியில் இயங்கத் தொடங்கியது.

பெரிய இயந்திரம் கிடைக்காதபோது சிறிய செயலிகளைச் சேர்த்துக் கட்டு என்ற வழியில் நாடு இறங்கியது. இதில் முந்திக்கொண்டது பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வுக்கூடம். ராடம் நரசிம்மாவின் இயக்கத்தில், யு. என். சின்ஹாவின் குழு 1986இலேயே 'ஃப்ளோசால்வர்' என்னும் இணைச் செயலிக் கணினியை உருவாக்கியிருந்தது. 1988இல் விஜய் பட்கரின் தலைமையில் சி-டாக் தொடங்கப்பட்டது. 1991இல் 'பரம் 8000' வெளிவந்தது. அதன் உயிர்நாடி பிரிட்டனின் இன்மோஸ் நிறுவனம் செய்த டிரான்ஸ்பியூட்டர் சில்லுகள். ஒவ்வொரு சில்லுக்கும் அண்டைச் சில்லுகளோடு பேச நான்கு இணைப்புகள் உண்டு. ரிச்சர்ட்சனின் ஒளிப்பலகை சிலிக்கானில் பிறந்துவிட்டது என்று சொல்லலாம்.

அவ்வரலாற்றில் பெருமிதமாகச் சொல்லப்படுவது இயந்திரங்களைப் பற்றியே. நிரல்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தேசிய மையம் அப்போது பயன்படுத்திய 'டி80' என்ற மாதிரி அமெரிக்க நிரலிலிருந்து தழுவப்பட்டது. ஒற்றைச் செயலிக்கெனப் பல்லாண்டுகளாக வளர்ந்த ஃபோர்ட்ரான் நிரல் அது. அதைப் பல செயலிகளில் ஓடவைக்கும் பணி 1990களில் நடந்தது. ஃப்ளோசால்வர் குழு டி80ஐ இணைச் செயலிகளில் ஓட்டியதோடு நில்லாமல், பின்னர் அதை ஏறத்தாழ முழுமையாகத் திருத்தி எழுதி 'வர்ஷா' என்று பெயரிட்டது. சிக்கல் எங்கே இருந்தது? அம்மாதிரி காற்றையும் அழுத்தத்தையும் உலகைச் சுற்றும் அலைகளின் தொகுப்பாக எழுதிக்கொள்கிறது. ஒவ்வொரு காலப்படியிலும் அலையிலிருந்து கட்டத்துக்கும், கட்டத்திலிருந்து அலைக்கும் மாற வேண்டும். ஓர் அலை உலகம் முழுவதையும் தொடுவதால், ஒவ்வொரு செயலியும் அண்டையாரோடு மட்டும் பேசினால் போதாது. எல்லோரும் எல்லோரோடும் பேசியாக வேண்டும். கடலில் பரந்து நிற்கும் ஒவ்வொரு படகும், அடுத்த குளிப்புக்கு முன் மற்ற எல்லாப் படகுகளோடும் சிப்பியை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று விதித்தால் என்ன ஆகும்? படகுகள் கூடக் கூடக் குளிப்பு குறைந்து கூச்சல் மிகும்.

அந்த டி80 மாதிரியின் கட்டம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் அகலம். தூத்துக்குடியிலிருந்து மதுரை வரை ஒரே எண். கடலும் தேரிக்காடும் தாமிரபரணியும் வைகையும் அந்த ஓர் எண்ணுக்குள் அடக்கம்.

கயிறுகள் போதவில்லை

சில்லுகள் ஆண்டுக்காண்டு விரைவாகிக்கொண்டே போன காலத்தில், நிரலை மாற்றி எழுதாமலேயே அடுத்த இயந்திரத்துக்காகக் காத்திருந்தால் போதும் என்ற நிலை இருந்தது. அந்த நிம்மதி 2004ஐ ஒட்டி முடிவுக்கு வந்தது. அவ்வாண்டு மே மாதம் இன்டெல் நிறுவனம், இன்னும் அதிகத் துடிப்புவேகத்தில் ஓடவேண்டிய 'தேஜாஸ்' என்ற தன் செயலித் திட்டத்தைக் கைவிட்டது. வேகத்தைக் கூட்டினால் சில்லு தாங்க முடியாத அளவுக்குச் சூடானது. அன்றுமுதல் ஒற்றைக் கருவின் வேகம் அதிகம் ஏறவில்லை. பதிலாக ஒரே சில்லில் இரண்டு கரு, நான்கு கரு, பதினெட்டுக் கரு என்று பெருகின. 'கோர்' என்று இன்று நாம் கைப்பேசி விளம்பரங்களில்கூடப் படிப்பது இந்தக் கருவைத்தான். இப்போது ஒரே சில்லில் நூற்றைத் தாண்டிய கோர்கள் உண்டு.

இதோடு புதிய முட்டுக்கட்டை ஒன்றும் வந்தது. பத்துக் குளியாளிகளுக்கு ஐந்து கல், ஐந்து கயிறு என்று முன்னர்ப் பார்த்தோமல்லவா? முத்துப்படகில் அது மூச்சுவாங்குவதற்கான ஏற்பாடு. கணினியில் அது வறுமை. ஒரு சில்லிலுள்ள கோர்கள் யாவும் நினைவகத்திலிருந்து எண்களைக் கொண்டுவரக் குறைந்த எண்ணிக்கையிலான வழிகளையே பகிர்ந்துகொள்கின்றன. வானிலை நிரலோ எண்களை அள்ளி அள்ளிக் கொண்டுவந்து, ஒவ்வொன்றின்மேலும் கொஞ்சமே கணக்கிட்டு, திரும்ப வைக்கும் இயல்புடையது. ஆகவே கோர்கள் பாதி நேரம் கயிற்றுக்காகக் காத்திருக்கும் நிலை எளிதில் வந்துவிடும். கயிறு ஐந்தே இருக்கும் படகில் நாற்பது குளியாளிகளை ஏற்றி என்ன பயன்?

இதற்கு நிரலாளர்கள் கண்ட வழி இரண்டு அடுக்கு. படகுக்கும் படகுக்கும் இடையே செய்தி அனுப்புதல் முதல் அடுக்கு. 1994இல் வகுக்கப்பட்ட 'எம்பிஐ' என்னும் பொதுநெறி அதற்கு உதவுகிறது. ஒரே படகுக்குள் இருப்பவர்கள் செய்தி அனுப்பாமல் ஒரே கூடையில் கைவைப்பது இரண்டாம் அடுக்கு. 1997இல் வந்த 'ஓப்பன்எம்பி' அதற்கானது. கொண்டுவந்த எண்ணைத் திரும்ப வைக்கும் முன் அதைக்கொண்டு செய்யக்கூடிய அத்தனை கணக்கையும் செய்து முடித்துவிடுவது இன்னோர் உத்தி. ஒருமுறை இறங்கினால் பையை நிரப்பிக்கொண்டே ஏறு என்று குளியாளிக்குச் சொல்லித்தரும் பாடம் அது.

இயந்திரங்கள் வந்துபோகின்றன. 2013இல் புனேயின் 'பரம் யுவா 2' இயந்திரத்தில் அறுபது கோர்களை ஒரே சில்லில் அடக்கிய 'ஸியான் ஃபை' துணைச்செயலிகள் இடம்பெற்றன. அதற்கேற்ப நிரல்களைத் திருத்த உலகெங்கும் பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். 2010களின் இறுதிக்குள் அந்தச் சில்லு வரிசையே நிறுத்தப்பட்டது. ஆனால் அந்த உழைப்பு வீணாகவில்லை. கணக்கை எப்படிப் பங்கிடுவது என்ற அறிவு நிரலில் தங்கிவிட்டது. படகு உளுத்துப் போகலாம். பாரின் அடையாளம் தெரிந்தவன் இருந்தால் அடுத்த படகு கட்டிக்கொள்ளலாம்.

காயல்பட்டினம் ஒரு கட்டத்துக்குள்

2018 ஜனவரியில் 'பிரத்யுஷ்' வந்தது. புனேயின் வெப்பமண்டல வானிலையியல் ஆய்வு நிறுவனத்தில் நிறுவப்பட்ட க்ரே எக்ஸ்சி40 இயந்திரம் அது. 4 பெட்டாஃப்ளாப் திறன். நொய்டாவில் அதன் இணை 'மிஹிர்', 2.8 பெட்டாஃப்ளாப். பிரத்யுஷில் இருந்த கோர்கள் 1,19,232. ரிச்சர்ட்சனின் அரங்கைப்போல இரண்டு அரங்கம் என்றுகூடச் சொல்ல வரவில்லை. அதற்கும் சற்றுக் குறைவு. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அவர் கற்பனை, தலைகளின் எண்ணிக்கையில்கூட ஏறத்தாழ மெய்ப்பட்டிருக்கிறது என்பது வியப்பூட்டும் செய்தி.

அதில் ஓடிய உலகளாவிய மாதிரியின் கட்டம் 12.5 கிலோமீட்டர். டி80ஐவிடப் பன்னிரண்டு மடங்கு நுணுக்கம். இப்போதும் கொற்கையும் காயல்பட்டினமும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும் அளவுக்கு அண்மையில் இருக்கின்றன; காயலும் செந்தூரும் அவ்வாறே. 95 சென்டிமீட்டரைக் கொட்டும் மேகக்கோபுரங்களோ ஒவ்வொன்றும் சில கிலோமீட்டர் அகலமே கொண்டவை. அவற்றை அம்மாதிரி தனித்தனியாகப் பார்ப்பதில்லை. 'இத்தகைய கட்டத்தில் இவ்வளவு ஈரம் இருந்தால் சராசரியாக இவ்வளவு மழை' என்ற சூத்திரத்தால் ஈடுகட்டிக்கொள்கிறது. தென்மாவட்டங்களில் பெருமழை என்று அதனால் சொல்ல முடியும். இந்த ஊரில் இவ்வளவு என்று சொல்வது அதன் கண்ணுக்கு எட்டாதது. சிறு பரப்புகளுக்கென மூன்று, நான்கு கிலோமீட்டர் மாதிரிகளும் நம் நாட்டில் ஓடுகின்றன. ஆனால் அவையும் மேகத்தின் விளிம்பை மட்டுமே தொடுகின்றன.

கட்டத்தை இன்னும் சிறிதாக்கக் கூடாதா? கோர்களைக் கூட்டினால் ஆயிற்றே? நாம் முன்னர் ஒத்திவைத்த கேள்விக்கு இப்போது வந்துவிட்டோம். கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். அதைக் கஸ்டஃப்சன் வழியில் சமாளிக்கலாம்: நான்கு மடங்கு கோர்களைப் போட்டுவிட்டால் போயிற்று. ஆனால் அதோடு காலப்படியும் குறுகவேண்டியிருக்கிறது. காற்று ஒரு படிக்குள் பல கட்டங்களைத் தாவிவிட்டால் கணக்கு பிசகும் என்பதைக் கூரண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி ஆகிய மூவர் 1928லேயே காட்டினர். அதன்பின் கண்டறியப்பட்ட உத்திகள் இக்கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருக்கின்றன, நீக்கிவிடவில்லை. படி ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் பத்து நாள் கணிப்புக்கு 1440 படி. ஐந்து நிமிடமானால் 2880 படி. இந்தப் படிகளைப் பங்கிட முடியாது. நாளைக் காலையைக் கணக்கிட்டு முடிக்காமல் நாளை நண்பகலைத் தொடங்க முடியாது. முத்துப்படகின் மொழியில் சொன்னால், பாரை இரட்டிப்பு நுணுக்கமாகத் துழாவ வேண்டுமானால் படகு இரண்டு மடங்கு தடவை கடலைக் கடந்தாக வேண்டும். ஆனால் சந்தை கூடும் நேரமோ மாறாது. கணிப்பு இன்ன மணிக்குள் வெளிவர வேண்டும் என்பது மாறாத கெடு.

நாம் சொல்ல வந்த ஒரு செய்தி இதுதான். இடத்தைப் பல கைகளுக்குப் பங்கிடலாம். பொழுதைப் பங்கிட முடியாது. கோர்கள் பெருகிக்கொண்டே போகின்றன. ஒரு கோரின் வேகம் நின்றுவிட்டது. பங்கிடக்கூடியது மலிந்துவிட்டது; பங்கிட முடியாதது மட்டும் பழைய விலையிலேயே இருக்கிறது. மீதமிருக்கும் வழி ஒவ்வொரு படிக்குள்ளும் காத்திருப்பைக் குறைப்பதுதான்: பேச்சைக் குறைப்பது, கயிற்றுக்கான நெரிசலைக் குறைப்பது, பின்தங்குபவரின் சுமையை மற்றவருக்கு மாற்றித் தருவது. யார் கண்ணிலும் படாத, எந்த விழாவிலும் ரிப்பன் வெட்டப்படாத வேலை. காயல்பட்டினத்துக்கு ஆறு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்குமா என்பது இயந்திரத்தின் விலையைப் போலவே இந்த வேலையையும் பொறுத்திருக்கிறது.

வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2024 செப்டம்பரில் புனேயில் 'அர்கா' (11.77 பெட்டாஃப்ளாப்), நொய்டாவில் 'அருணிகா' (8.24 பெட்டாஃப்ளாப்) ஆகியவை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. 2025 மே மாதம் 'பாரத் கணிப்பு அமைப்பு' அறிமுகமானது. அதன் கட்டம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர். இயந்திரம் மாறியதோடு நில்லாமல், உலகைக் கட்டங்களாகப் பகுக்கும் முறையே அதில் மாற்றி அமைக்கப்பட்டிருக்கிறது. கொற்கைக்கும் காயலுக்கும் இனி வெவ்வேறு எண்கள் கிடைக்கக்கூடும்.

தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. சலாபம் ஆண்டுதோறும் நடக்கும் வழக்கம் எப்போதும் இருந்ததில்லை. முன்கூட்டியே பாருக்குப் போய்ச் சில சிப்பிகளை எடுத்துத் திறந்துபார்ப்பார்கள். முதிர்ந்திருந்தால் நாள் குறிப்பார்கள். இல்லையேல் எத்தனை படகு இருந்தாலும், எத்தனை ஆள் திரண்டாலும், அந்த ஆண்டு குளிப்பு இல்லை. சிப்பி முத்தாகும் காலத்தையும் எவரும் பங்கிட்டுக் குறைத்துவிட முடியாது என்பதை அக்கடற்கரை மக்கள் அறிந்திருந்தார்கள்.